நீர்காத்தலும் நிதிகாத்தலும்: சிறார் மறுவாழ்வுத் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் முறை

முன்னுரை

இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நீர்காத்த அய்யனார் கோவில் அமைந்துள்ளது. அதனருகே ஓடிவரும் மலையாற்றின் நீரே தேக்கப்பட்டு, நகர மக்களின் குடிநீராகிறது. நீரைக் காப்பதையே ஒரு தெய்வத்தின் பெயரடையாக வைத்த நம் முன்னோர், ஏரி குளங்களைப் பற்றி மூன்று வினாக்களை எப்பொழுதும் எழுப்பி வந்தனர். நீர் எவ்வழி வருகிறது? கரையை யார் காக்கிறார்? மடை திறந்தால் எந்த வயல் நனைகிறது? வரத்து, காவல், பாய்ச்சல் என்னும் இம்மூன்றில் ஒன்று பழுதுபட்டாலும் பயிர் வாடும்.

பொதுமக்களின் நன்கொடையால் நடைபெறும் தொண்டு நிறுவனங்களுக்கும் இம்மூன்று வினாக்களே பொருந்தும். வளர்ச்சித் தாமதம் உடைய சிறார்க்குச் சிகிச்சையும் பயிற்சியும் அளிக்கும் நிறுவனங்களுக்கு அவை பெரிதும் பொருந்தும். வாடுவது அங்கே பயிரன்று. ஒரு குழந்தையின் திரும்பி வாராத இளம்பருவம். ஆதலின் அத்தகைய நிறுவனத்தின் கணக்கையும் ஆட்சிமுறையையும் நிதி வரவையும் எங்ஙனம் ஆராய்வது என்பதை, மாணவரும் ஊர்ப் பெரியவர்களும் அறியும் வண்ணம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிகிச்சையின் இயல்பு

மதிப்பீட்டிற்கு முன், மதிப்பிடப்படும் பணியின் இயல்பை அறிதல் வேண்டும். மூளை முடக்குவாதம், புலனுணர்வு ஒதுக்கம் எனப்படும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பேச்சுத் தாமதம் ஆகியவற்றிற்கு ஒரே நாளில் முடியும் மருத்துவம் இல்லை. பிசியோதெரபி என்னும் இயன்முறைப் பயிற்சி, அன்றாடச் செயல்களைக் கற்பிக்கும் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியன வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் தொடர்தல் வேண்டும். மூளை விரைந்து வளரும் முதல் சில ஆண்டுகளிலேயே இவை தொடங்கப்பெறின் பயன் மிகும். 2013ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டதும் இக்கருத்தின் அடிப்படையிலேயே ஆகும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. கண்புரை அறுவை முகாமில் ஒரு நாள் செலவு ஒருவர்க்குப் பார்வை தரும். சிறார் சிகிச்சையிலோ, பயிற்றுநர் இந்த ஆண்டு இருந்து அடுத்த ஆண்டு இல்லையெனில், குழந்தை பெற்றதிலும் ஒரு பகுதி நழுவிப் போகும். எனவே 'தொடர்ச்சி' என்பதே இத்தகைய நிறுவனத்தை அளக்கும் முதன்மையான அளவுகோல் எனலாம். கணக்கையும் குழுவையும் நிதியையும் இந்த ஒரு வினாவை முன்னிறுத்தியே படித்தல் வேண்டும்: இன்று சேரும் குழந்தைக்கு அடுத்த ஆண்டும் பயிற்சி கிடைக்குமா?

ஆய்க்குடி காட்டும் வழி

இராசபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்வார்க்கு ஆய்க்குடி தொலைவன்று. அங்கு அமர் சேவா சங்கம் 1981ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு, ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாகும். நிறுவியவர் திரு. எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபொழுது, 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கை கால் இயக்கம் இழந்தவர் அவர். தமக்கு மருத்துவம் பார்த்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் நினைவாகவே தம் சங்கத்திற்குப் பெயரிட்டார். 2020ஆம் ஆண்டில் நடுவண் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

1990களின் தொடக்கத்தில், பட்டயக் கணக்கரும் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்குபவருமாகிய திரு. எஸ். சங்கரராமன் இச்சங்கத்தில் இணைந்தார். தொண்டுள்ளம் கொண்ட நிறுவனர் ஒருபுறம், கணக்கறிந்த செயலர் மறுபுறம் என்னும் இவ்வமைப்பு கருதத் தக்கது. யாருக்காக நிறுவனம் நடக்கிறதோ அவர்களே அதனை ஆளும் நிலை இருப்பதும் எண்ணத் தக்கது.

இச்சங்கம், குழந்தையை மையத்திற்கு வரவழைப்பதோடு நில்லாமல், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர் வழியே வீட்டிற்கும் சிகிச்சையைக் கொண்டு சென்றது. ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் கைப்பேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்யும் முறையையும் வகுத்தது. அதன் திட்டம் குழந்தைகளைப் பேணுவோர்க்கு என்ன பயன் தந்தது என்பதைப் பற்றிய ஆய்வு 2020இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. 'நூறு குழந்தைகள் பயன் பெற்றனர்' என்று எழுதுவதற்கும், அப்பயன் யாது என்று அளந்து காட்டுவதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இவ்வெடுத்துக்காட்டால் உணரலாம்.

கணக்கை ஆராய்தல்

தணிக்கை செய்யப்பட்ட ஆண்டறிக்கையில் பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். பெறுதல்–செலுத்தல் கணக்கு, பணம் வந்ததையும் போனதையும் காட்டும். வரவு–செலவுக் கணக்கு, அவ்வாண்டிற்குரிய வரவையும் செலவையும் காட்டும். ஐந்தொகை, ஆண்டின் இறுதி நாளில் நிறுவனத்திற்கு உள்ளது யாது, அது தரவேண்டியது யாது என்பதைக் காட்டும். நன்கொடையாளர் பலர் முதற்பகுதியோடு நின்றுவிடுகின்றனர். ஐந்தொகையே உண்மையை உரைக்கும். பணியாளர் ஊதிய நிலுவை, வருங்கால வைப்புநிதி நிலுவை, அறங்காவலரிடம் வாங்கிய கடன் ஆகியன அங்கேதான் வெளிப்படும்.

அடுத்து வருவது நிருவாகச் செலவு. 'ஊதியத்திற்கென ஒரு காசும் செலவிடவில்லை. முழுவதும் குழந்தைகளுக்கே' என்று விழா மேடைகளில் பெருமையுடன் கூறக் கேட்கிறோம். சிறார் சிகிச்சையில் இக்கூற்று பொருளற்றது. அங்கே பயிற்றுநரின் உழைப்பே சிகிச்சை. அவர் ஊதியமே குழந்தைக்கான செலவு. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறை விதிகளும், மருத்துவமனையில் மருத்துவர் பெறும் ஊதியத்தையும் பள்ளியில் ஆசிரியர் பெறும் ஊதியத்தையும் நிருவாகச் செலவில் சேர்ப்பதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். 60 குழந்தைகள் பயிலும் மையம் ஒன்று. பயிற்றுநர் அறுவர், திங்கள் ஊதியம் ஆளுக்கு ரூ. 20,000, ஆண்டிற்கு ரூ. 14,40,000. உதவியாளரும் வேனும் ரூ. 4,80,000. வாடகை, மின்சாரம், கருவிகள் ரூ. 3,60,000. கணக்கர், தணிக்கை, ஒருங்கிணைப்பாளர் ரூ. 3,20,000. மொத்தம் ரூ. 26,00,000. குழந்தைக்கு வாரம் இருமுறை, ஆண்டிற்கு 46 வாரம் எனில், பயிற்சி அமர்வுகள் 5,520. ஓர் அமர்விற்கு ஆகும் செலவு ஏறத்தாழ ரூ. 471. நிருவாகச் செலவு நூற்றுக்கு 12 அளவில் உள்ளது.

மற்றொரு மையம், கணக்கரை வைக்காமலும் ஊதியத்தைக் குறைத்தும் ரூ. 20,00,000இல் நடக்கிறது. நிருவாகச் செலவு இல்லை என்று அது விளம்பரம் செய்கிறது. ஆயின் குறைந்த ஊதியத்தால் பயிற்றுநர் இடையிலேயே விலகினர். நடந்த அமர்வுகள் 2,760 மட்டுமே. அங்கே ஓர் அமர்விற்கு ஆன செலவு ஏறத்தாழ ரூ. 725. சிக்கனமாகத் தோன்றியதே வீண்செலவாக முடிந்தது. செலவாவது எவ்வளவு, அதனால் உடனே விளைவது எவ்வளவு, பின்னர் அது ஈட்டித் தருவது எவ்வளவு என மூன்றையும் எண்ணிச் செயற்படுமாறு தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறள் அறிவுறுத்துகிறது. வள்ளுவர் வகுத்த அம்முறையைத்தான் இங்கும் கைக்கொள்கிறோம்.

கையிருப்பும் தொடர்ச்சியும்

மேற்கண்ட முதல் மையத்தின் திங்கட்செலவு ஏறத்தாழ ரூ. 2,17,000. மூன்று திங்கட்குரிய கையிருப்பு வேண்டுமெனில் ரூ. 6,50,000 தேவை. 'தொண்டு நிறுவனத்திற்குச் சேமிப்பு எதற்கு?' என்று வினவுவோர் உளர். வருமானவரிச் சட்டமே இதற்கு இடமளித்துள்ளது. வரிவிலக்குப் பெறும் அறநிறுவனம் தன் வருமானத்தில் நூற்றுக்கு 85 பங்கை அறச்செயலுக்குச் செலவிடல் வேண்டும். எஞ்சிய 15 பங்கை வைத்துக்கொள்ளலாம். குறித்த ஒரு நோக்கத்திற்காக முறைப்படி அறிவித்து, ஐந்தாண்டு வரை கூடுதலாகவும் சேர்த்து வைக்கலாம். கையிருப்பே இல்லாமையும் குறை. செலவிட மனமின்றிக் குவித்து வைத்தலும் குறை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே நன்னெறி.

கையிருப்பு இல்லாமையின் விளைவை இலண்டன் மாநகரம் அண்மைக்காலத்தில் கண்டது. கமிலா பாட்மாங்கெலிட்ஜ் என்னும் அம்மையார் 1996இல் நிறுவிய 'கிட்ஸ் கம்பெனி', துன்புற்ற சிறார்க்கு உளச்சிகிச்சையும் ஆதரவும் அளித்துப் பெரும்புகழ் பெற்றது. அரசு அதற்குப் பல்லாண்டுகளில் வழங்கிய தொகை 4 கோடி பவுண்டிற்கும் மேல். 2013இல் அதன் ஆண்டு வரவு ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் பவுண்டு. ஆயினும் கையிருப்பு 5 இலட்சம் பவுண்டிற்கும் குறைவு. அதாவது ஒரு வாரச் செலவிற்கே போதுமான அளவு. 2015 சூலை இறுதியில் அரசு மேலும் 30 இலட்சம் பவுண்டு அளித்தது. அவ்வேளையில் எழுந்த குற்றச்சாட்டுகளால் நன்கொடையாளர் பின்வாங்கினர். ஆகஸ்டு 5ஆம் நாள் நிறுவனம் மூடப்பட்டது. குற்றம் நிகழ்ந்ததற்குச் சான்றில்லை எனக் காவல்துறை 2016இல் விசாரணையை முடித்தது. நிறுவனரையும் அறங்காவலரையும் பதவித் தகுதியிழக்கச் செய்ய வேண்டும் என்னும் வழக்கை உயர்நீதிமன்றம் 2021இல் தள்ளியது. கடன்களையும் ஊதியங்களையும் உரிய காலத்தில் செலுத்தாமை நிருவாகக் குறைபாடு என்று அறநிறுவன ஆணையம் 2022இல் பதிவு செய்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் நுட்பமானது. அங்கே எவரும் பணத்தைக் களவாடியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. நேர்மை இருந்தும் நிறுவனம் வீழ்ந்தது. சிறு கையிருப்பேனும் இருந்திருப்பின், அவதூறு தெளியும் வரை குழந்தைகளின் கதவு திறந்தே இருந்திருக்கும்.

ஆட்சிமுறையை ஆராய்தல்

நம் மாநிலத்தில் தொண்டு நிறுவனங்கள் பத்திரம் பதிவு செய்த அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகவோ, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ்க் கம்பெனியாகவோ அமையலாம். வடிவம் எதுவாயினும் வினா ஒன்றே: நிறுவனரை நோக்கி 'இது ஆகாது' என்று கூறவல்லவர் குழுவில் உளரா?

கணவர் தலைவர், மனைவி செயலர், மைத்துனர் பொருளாளர் என்னும் அமைப்பில் நேர்மை இருக்கலாம். தடுத்துக் கேட்கும் குரல் இராது. குழு ஆண்டிற்கு எத்தனை முறை கூடியது, கூட்டக் குறிப்பில் மாறுபட்ட கருத்து ஏதேனும் பதிவாகியுள்ளதா, காசோலையில் இருவர் கையொப்பம் உண்டா, உறவினரிடம் பொருள் வாங்கினால் அது கணக்கில் தனியே காட்டப்படுகிறதா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். நிறுவனர்க்குப் பின் யார் என்பதற்கும் விடை வேண்டும்.

சிறார் நிறுவனமாதலின் மேலும் சில சான்றுகள் தேவை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய நிறுவனங்கள் பதிவுச் சான்றிதழ் பெறுதல் வேண்டும் என்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவராதல் வேண்டும். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, சிறார்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதனைக் காவல்துறைக்கு அறிவித்தே தீர வேண்டும். பேச இயலாத குழந்தைகள் இருக்கும் இடத்தில், பெற்றோர் முறையிட ஒருவரும் ஒரு வழியும் இல்லையெனில், ஏனைய சான்றுகள் எத்துணை இருந்தும் பயனில்லை.

நிதி வரும் வழிகள்

நிதி பல வழிகளில் வரும். ஒவ்வொன்றிற்கும் ஓர் இயல்பு உண்டு. அரசு மானியம் அளவில் பெரிது. ஆயின் காலந்தாழ்த்து வரக்கூடும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135ஆம் பிரிவால் பிறந்தது. குறித்த வரம்பைக் கடந்த கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் செலவிடல் வேண்டும். ஆலைகள் நிறைந்த இராசபாளையம் போன்ற ஊர்களில் இது நல்வாய்ப்பு. எனினும் இலாபம் குறைந்தால் இதுவும் குறையும். கட்டடத்திற்கும் கருவிக்கும் எளிதில் கிடைக்கும் இந்நிதி, ஊதியத்திற்கு எளிதில் கிடைப்பதில்லை.

அயல்நாட்டு நன்கொடைக்கு நடுவண் அரசின் பதிவு தேவை. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், அந்நிதியில் நிருவாகச் செலவின் உச்சவரம்பை 50 பங்கிலிருந்து 20 பங்காகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற அயல்நிதியை மற்றொரு நிறுவனத்திற்கு மாற்றுவதையும் தடுத்தது. பெரிய நிறுவனத்தின் வழியே அயல்நிதி பெற்றுவந்த சிற்றூர் மையங்களுக்கு அவ்வழி அடைபட்டது. ஒரே ஊற்றை நம்பியிருத்தலின் இடரை இதனாலும் அறியலாம்.

நான்காவது, மக்கள் மனமுவந்து ஈவது. நம் சமுதாயத்தில் ரமலான் மாதத்தில் ஜக்காத்தும் சதகாவும் பெருமளவில் வழங்கப்படுகின்றன. ஜக்காத் பெறத் தகுதியுடையோர் யாவர் என மார்க்கம் வரையறுத்துள்ளது. ஏழைக் குழந்தைக்கென அளித்த தொகையைக் கட்டடச் சுவருக்குச் செலவிடுதல் தகாது. நம்மவர் வழக்கில் இத்தகைய பொருளை 'அமானிதம்' என்போம். கணக்கியலில் குறித்த நோக்கத்திற்கான நிதி எனத் தனித்தலைப்பில் காட்டப்படுவதும் இக்கருத்தே ஆகும். ஐந்தொகையில் அத்தனித்தலைப்பு உள்ளதா என்று பார்த்தல் நம் கடமை. ரொக்கமாக ரூ. 2,000க்கு மேல் அளித்தால் வருமானவரிச் சலுகை கிட்டாது. வங்கிவழி அளித்து, உரிய சான்றிதழ் பெறுதலே இருசாரார்க்கும் நலம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி எனப் பழகிய பிரிவு எண், 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் மாறியுள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

கேட்கத்தக்க ஏழு வினாக்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து, ஒரு மையத்தைக் காணச் செல்லும் மாணவரோ பெரியவரோ பணிவுடன் கேட்கத்தக்க வினாக்களைத் தருகிறோம்.

1. கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகளைக் காணலாமா?
2. இன்று நன்கொடை நின்றுவிட்டால் எத்தனை மாதம் பயிற்சி நடக்கும்?
3. மிகப்பெரிய நன்கொடையாளர் ஒருவரின் பங்கு மொத்த வரவில் எவ்வளவு?
4. கடந்த ஆண்டு பயிற்றுநர் எத்தனை பேர் விலகினர்? ஏன்?
5. குழுவில் நிறுவனரின் உறவினர் அல்லாதார் எத்தனை பேர்? பெற்றோர் எவரேனும் உளரா?
6. சேர்ந்த குழந்தைகளுள் ஓராண்டு தொடர்ந்து வந்தோர் எத்தனை பேர்? அவர்கள் அடைந்த மாற்றம் எதில் பதிவாகியுள்ளது?
7. பெற்றோர்க்குக் குறை இருப்பின் யாரிடம் முறையிடலாம்?

இவற்றிற்கு விடை கூறத் தயங்காத மையமே நம்பிக்கைக்குரியது. எல்லா விடைகளும் நிறைவாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. 'கையிருப்பு ஒரு மாதத்திற்கே உள்ளது' என்று உண்மை உரைக்கும் சிறு மையம், பளபளப்பான மலர் அச்சிட்டுக் கணக்கை மறைக்கும் பெரு நிறுவனத்தினும் மேலானது.

முடிவுரை

மதிப்பிடுதல் என்பது குற்றம் காணுதல் அன்று. கணக்கைக் கேட்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. பெயர் பொறித்த சக்கர நாற்காலிகளையும் மின்விசிறிகளையும் அளிக்க முன்வருவோர் பலர். ஒரு பயிற்றுநரின் ஊதியத்தை மூன்றாண்டுக்கு ஏற்பேன் என்பார் சிலரே. பெயர்ப்பலகைக்கு இடமில்லாத அந்த ஈகையே குழந்தையின் கையைப் பிடித்து நடத்திச் செல்வது. ஒரு ஜமாஅத்தோ, முன்னாள் மாணவர் சங்கமோ, ஆலைத் தொழிலாளர் குழுவோ தம் ஊரை அடுத்துள்ள ஒரு மையத்தின் கணக்கை முறையாகப் படித்து, ஒரு பயிற்றுநரின் ஊதியத்தை ஆண்டுதோறும் ஏற்குமாயின், அடுத்த ஆண்டும் பயிற்சி உண்டு என்னும் உறுதியை ஒரு தாய் பெறுவாள். நம் கல்லூரி மாணவர்கள் வணிகவியலில் கற்ற ஐந்தொகையையும் தமிழில் கற்ற குறளையும் ஒருசேரக் கொண்டு, இப்பணிக்கு முன்வருவார்களாக.